கைக்குழந்தையோடு ஒரு தீவுக்கு

பச்சை உடம்புக்காரிக்கு ஊர் சுற்றல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். என் தாயாரும் அப்படித்தான் கேட்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளாகிய எனக்கு அந்தக் கேள்வியின் நியாயம் தெரியாமலில்லை. ஆனாலும் மூன்று வயது நிரம்பாத மகனையும், முப்பது கழித்துப் பத்து நாளே ஆன மகளையும் தூக்கிக்கொண்டு நாங்கள் ஒரு தீவுக்குப் போய் வந்தோம். ஒரு நாளல்ல, தொடர்ந்து ஐந்து காலை! அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

தீவு என்றதும் கப்பலையும் விமானத்தையும் நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரீட் தீவுக்குப் போய் வந்து படங்களைக் காட்டியது. நீலக் கடல், ஒலிவ மரங்கள், குடை நிழலில் தூங்கும் குழந்தை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். இரண்டு பிள்ளைகளின் மூட்டை முடிச்சு. செலவைக் கேட்கவே வேண்டாம். அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாப் படத்திலும் அந்தத் தாய் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பில்லை, துவைக்கும் துணியில்லை, முகத்தில் அவசரமில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அந்த உட்காருதல்தான். அதற்குக் கிரேக்க நாடு வரைக்குமா போக வேண்டும்?

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் வடகிழக்கில், பொங்கோலில். தேக்காவில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். இன்று வானைத் தொடும் அடுக்குமாடிகள். முன்னாளில் இங்கே ரப்பர்த் தோட்டங்களும், மீனவர் கம்பங்களும், பன்றி, கோழிப் பண்ணைகளும் இருந்தன. பொங்கோல் நிலையத்திலிருந்து 84ஆம் எண் பேருந்து கடற்கரை முனைக்குப் போகிறது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது கோனித் தீவு. செராங்கூன் தீவு என்பதும் அதுதான். இரு முனையையும் நிலத்தோடு இணைத்துவிட்டதால் படகு வேண்டாம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாம்.

தலைவலிக்கு நாம் தேய்க்கும் புலித் தைலம் இருக்கிறதே, அதை விற்றுப் பணக்காரரான ஹா பார் சகோதரர்கள் 1930களில் இந்தத் தீவை வாங்கினார்கள். பிறகு 1950இல் குலாம் மஹ்மூத் என்ற இந்திய வணிகர் வாங்கி, நியூயார்க்கின் கோனித் தீவைப் போலக் கேளிக்கைத் தீவாக்க நினைத்தார். திட்டம் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்துவிட்டது! 2015 அக்டோபரில் பொதுமக்கள் பூங்காவாகத் திறந்தார்கள். அப்போது ஒற்றை மாடு ஒன்று, நம் ஊர் மாடு போலத் திமிலோடு, அங்கே தனியே மேய்ந்துகொண்டிருந்ததாம். எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாது. 2016இல் இறந்துபோயிற்று. மாடு எங்கே, மாடு எங்கே என்று என் மகன் ஐந்து நாளும் தேடினான்.

முதலிரண்டு நாள் அம்மா வரவில்லை. "ஏண்டி, பச்சைப் பிள்ளைக்குக் கடற்காற்று ஆகுமா?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள், பிள்ளையை நாங்கள் சரியாகப் பார்க்கிறோமா என்று சோதிக்கவே கிளம்பினார் என்று நினைக்கிறேன்.

சவுக்கு மர நிழலில் துணி விரித்தோம். என் கணவர் மகனை மணலில் விட்டு அவன் பின்னாலேயே போனார். அம்மா பேத்தியை வாங்கிக் காலை நீட்டிக் கால்மேல் கிடத்திக்கொண்டார். எதிரே தண்ணீர், அதற்கப்பால் ஜொகூர்க் கரை.

"அந்தப் பக்கந்தானே நம்ம தோட்டம்?" என்றார். ஆமாம், கரையிலிருந்து இன்னும் உள்ளே. இப்போது அங்கே ரப்பர் மரம் இல்லை, செம்பனைதான்.

பிறகு தானாகவே பேசினார். நான் பிறந்த நாற்பதாம் நாள் என்னை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு நிரைக்குப் போனாராம். இன்னும் கொஞ்ச நாள் விடுப்பு பாக்கி இருந்தது. வீட்டில் அரிசி பாக்கியில்லை. மரம் வெட்டி முடித்துப் பால் எடுப்பதற்குள் ஓடிவந்து எனக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் ஓடுவாராம். "சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கும். மரத்துப் பாலோ என் பாலோ, யாரு கண்டா?" என்று சிரித்தார். "உன்னைக் குளிப்பாட்டுறப்போ மட்டுந்தான் இப்படிக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கேன். அதுவும் சங்கு ஊதுறதுக்குள்ளே."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

சகோதரிகளே, இன்று தீபகற்ப மலேசியாவின் வேலைச் சட்டத்தில் பிள்ளைப்பேற்று விடுப்பு, 2023 ஜனவரி 1 முதல், 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. தகப்பனுக்கும் 7 நாள் உண்டு. சிங்கப்பூரில் குடியுரிமையுள்ள குழந்தையின் தாய்க்கு 16 வாரம். 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பனுக்கு 4 வாரம். என் கணவர் அதில் ஒரு வாரத்தைத்தான் இப்படிச் செலவழித்தார். அந்த நாட்களை அடுப்படியே தின்றுவிட விடாதீர்கள். உங்கள் பக்கத்தில் கடல் இல்லாவிட்டால் ஓர் ஆற்றங்கரை இருக்கும், பள்ளிக்கூடத் திடலில் ஒரு மரமாவது இருக்கும்.

போவதென்றால் சில விஷயம் கவனியுங்கள். வெயில் ஏறுமுன் போய் வந்துவிடுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு வெயில் களிம்பு பூசவேண்டாம். நிழலும் மெல்லிய பருத்திச் சட்டையுமே போதும். தாகமாயிருக்குமே என்று தண்ணீர் புகட்டாதீர்கள். அந்த வயதில் தாய்ப்பாலே தண்ணீரும். இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்குக் கொசு மருந்தும் ஆகாது. வண்டிமேல் வலை போடுங்கள். கோனித் தீவில் மணல் ஈ கடிக்கும், ஆகவே பெரியவர்களும் கைகால் மூடிய உடுப்பில் போவது நல்லது. அம்மா சாம்பிராணி போடலாமே என்றார்! பூங்காவில் நெருப்பு மூட்ட முடியுமா? குரங்குகளும் உண்டு, பிஸ்கட் பையை வெளியே காட்டாதீர்கள். உள்ளே கடைகண்ணி கிடையாது. நாங்கள் சுடுதண்ணீர்க் குடுவையும், அம்மாவின் பத்தியப்படி பூண்டுக் குழம்புச் சோறும் கட்டிக்கொண்டு போனோம். கடலைப் பார்த்துக்கொண்டு பத்தியச் சோறு சாப்பிட்டவள் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

நாலாம் நாள் காலை நாங்கள் எழுந்து வருமுன்னரே அம்மா குளித்து, தலைவாரி, சோற்றுப் பாத்திரத்தைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். கடற்காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.