வெளி மாநில ஆளுக்கு மோட்டார் விற்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, வீட்டுல பழைய மோட்டார் நிக்குற எல்லாருக்கும் பயன்படும்.

போன மாசம் என்னோட யமஹா எல்சி 135-ஐ வித்துட்டேன். நான் இருக்கிறது கெடா, சுங்கை பட்டாணி. வாங்கின தம்பி ஜொகூர் பாரு. விஷயம் தெரிஞ்சதிலிருந்து கோயில்ல அன்னதானத்துக்கு காய் நறுக்க உட்கார்ந்தா ஆளாளுக்கு இதே கேள்விதான். "அண்ணே, அவ்வளவு தூரத்துல இருக்கிற ஆளை எப்படி நம்பி வித்தீங்க?" ஒவ்வொருத்தருக்கா சொல்றதைவிட இங்கேயே எழுதிடுறேன்.

முதல்ல என் கூட வேலை செய்யுற நண்பர் கதை. பேர் வேண்டாம். சில வருஷத்துக்கு முன்னால பகாங்ல இருந்து வந்த ஒருத்தருக்கு மோட்டாரை வித்தார். ரொக்கமா காசு வாங்கினார். பேர் மாத்துறதை ஒரு ரன்னர் பாத்துக்குவார்னு சொன்னாங்க. இவரும் கிராண்ட், ஐசி காப்பி எல்லாத்தையும் கொடுத்துட்டார். பேர் மாறவே இல்ல. ஒன்றரை வருஷம் கழிச்சு குவாந்தான்ல இருந்து சம்மன் வந்தது. ஒன்னு இல்ல, மூனு. அதுக்கப்புறம் ஒரு நாள் ராத்திரி போலீஸ் வீட்டுக்கு வந்தது. சங்கிலி பறிப்பு கேஸ்ல அந்த மோட்டார் நம்பராம். அன்னைக்கு இவர் நைட் ஷிப்ட்ல இருந்த பஞ்ச் கார்டு இருந்ததால தப்பிச்சார். ஆனா வயசான அம்மா முன்னால போலீஸ் ஜீப்ல ஏறிப் போன அந்த ராத்திரியை அவர் இன்னும் மறக்கல. வாங்கின ஆளோட போன் நம்பர் எப்பவோ கட் ஆயிடுச்சு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி வண்டி கை மாறினா 7 நாளுக்குள்ள ஜேபிஜே-க்குத் தெரியப்படுத்தணும். அது வரைக்கும் வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டுக்குத்தான் சம்மன் வரும். "நான் வித்துட்டேன்"னு வாயால சொன்னா போதாது.

இப்ப என் கதைக்கு வரேன். முகநூல்ல விளம்பரம் போட்ட அன்னைக்கே ஒருத்தர் மெசேஜ் பண்ணினார். தான் ராணுவத்துல இருக்கிறதாகவும், லாபுவான்ல இருந்து பேசுறதாகவும் சொன்னார். வண்டியைப் பாக்கணும்னு கேக்கல, விலையையும் குறைக்கல. அங்கேயே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பழைய மோட்டார் வாங்குறவன் பேரம் பேசாம இருப்பானா? அரை மணி நேரத்துல காசு கட்டினதா ஒரு ரசீதுப் படம் அனுப்பினார். விலைக்கு மேல 600 வெள்ளி கூட இருந்தது. "தவறிப் போய் கூட அனுப்பிட்டேன், அந்த 600-ஐ மட்டும் லாரிக்காரர் கணக்குக்கு போட்டுடுங்க"ன்னார். என் பேங்க் செயலியைத் திறந்து பார்த்தேன். ஒரு காசு வரல. பேசாம பிளாக் பண்ணிட்டேன்.

இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. வாட்ஸ்அப்ல வர்ற ரசீதுப் படம் காசு இல்ல. செக் போட்டாலும் அப்படித்தான், அது கிளியர் ஆகுற வரைக்கும் கணக்குல தெரியுற தொகையை நம்பாதீங்க. நம்ம கணக்குல நாமே பார்த்தாதான் காசு. கணக்கு நம்பர் மேலயோ போன் நம்பர் மேலயோ சந்தேகம் வந்தா போலீஸோட செமாக் மியூல் பக்கத்துல போட்டுப் பாருங்க. யாராவது ஏமாந்து காசு அனுப்பிட்டா வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காம உடனே 997-க்கு அடிங்க.

ரெண்டாவதா வந்தவர்தான் ஜொகூர் தம்பி. வயசு 23. சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்னுல வேலை. தினமும் விடியற்காலையில பாலம் தாண்டணும். வீடியோ கால் போட்டு இன்ஜினை ஓட விடச் சொன்னார், புகை வருதான்னு பார்த்தார், சேஸி நம்பரையும் இன்ஜின் நம்பரையும் கிட்டக் காட்டச் சொல்லி கிராண்டோட ஒத்துப் பார்த்தார். 150 வெள்ளி பேரம் பேசினார். இவர்தான் உண்மையா வாங்கப் போறவர்னு எனக்குப் பட்டது.

பிரச்சினை எங்க வந்ததுன்னா, அவர் சொன்னார்: "அங்கிள், நான் சனிக்கிழமை வரேன். காசைக் கையில கொடுத்துட்டு ராத்திரியே ஓட்டிட்டுப் போயிடுறேன். பேர் மாத்துறதை ஜேபி-ல மெதுவா பாத்துக்கலாம்." நான் சொன்னேன், "தம்பி, கெடாவுல வெள்ளி, சனி அரசாங்க ஆபீஸ் லீவு. ஞாயித்துக்கிழமை திறந்திருக்கும். உனக்கும் அன்னைக்குத்தான் லீவு. சனி ராத்திரி பஸ் ஏறி வா, காலையில ரெண்டு பேரும் ஒன்னா ஜேபிஜே போவோம்."

தம்பிக்குக் கோபம். "நம்ம ஆளுங்களுக்குள்ள இவ்வளவு சந்தேகமா அங்கிள்? நானும் கோயிலுக்குப் போற பையன்தான்."

இந்த வார்த்தைதான் நம்ம ஆளுங்களை அதிகமா கவுத்துது. பேப்பர் கேட்டா அவமானம்னு நினைச்சுக்கிறோம். நான் சொன்னேன்: "உன்மேல சந்தேகம் இல்லப்பா. எனக்கு வயசு 56. பிரஷர் மாத்திரை போடுறேன். நாளைக்கே எனக்கு ஒன்னு ஆச்சுன்னா, பேர் மாத்துறதுக்கு கைரேகை வைக்க நான் இருக்க மாட்டேன். வண்டி என் சொத்தாயிடும். என் பிள்ளைங்க ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு முடிக்கிற வரைக்கும் உன்னால ஒன்னும் செய்ய முடியாது. காசும் கொடுத்துட்டு வண்டியும் உன் பேர்ல இல்லாம நிப்ப."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னார். அவங்க அப்பா ஓட்டின மோட்டார் அப்படித்தானாம். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வாங்கி, பேர் மாத்தாமலே ஓட்டியிருக்கார். அந்த மனுஷர் இறந்துட்டார், பின்னாலயே அப்பாவும் போயிட்டார். இப்ப அந்த வண்டி ரோட் டேக்ஸ் போட வழியில்லாம வீட்டுக்குப் பின்னால துரு பிடிச்சு நிக்குது. "அப்பா ஓட்டினது அங்கிள், இரும்புக்குப் போட மனசு வரல"ன்னார். அதுக்கப்புறம் நேரம் மட்டும்தான் கேட்டார். "காலையில எத்தனை மணிக்கு அங்கிள்?"

சரி, நாங்க செஞ்சதை வரிசையா சொல்றேன்.

ஒன்னு: விளம்பரம் போடுறதுக்கு முன்னாடியே என் பேர்ல இருந்த சம்மன் பாக்கியை மைபாயார்ல பார்த்துக் கட்டினேன். வண்டி பிளாக்லிஸ்ட்ல இருந்தா பேர் மாறாது, வந்த ஆள் திரும்பிப் போகணும். பேங்க் கடன் இருந்தா முதல்ல அதை முடிங்க. "சம்போங் பாயார்"னு மாசக் கட்டணத்தை வாங்குறவர் தலையில கட்டிவிடுற வேலை வேண்டவே வேண்டாம். அவர் கட்டலைன்னா பேங்க் தேடி வர்றது உங்க வீட்டுக்குத்தான்.

ரெண்டு: ஐசி காப்பி கொடுக்கும்போது குறுக்கே ரெண்டு கோடு போட்டு, "உந்தோக் துக்கார் மிலேக் மோட்டோசிக்கால் சஹாஜா"ன்னு தேதியோட எழுதினேன். தம்பியையும் அப்படியே எழுதச் சொன்னேன். விளம்பரப் படத்துல நம்பர் பிளேட்டை மறைச்சேன். கிராண்ட் படத்தை யாருக்கும் அனுப்பல, வீடியோ கால்ல காட்டினதோட சரி.

மூனு: ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிறதுக்கு முன்னால லைசென்ஸைப் பார்த்தேன். இந்த வண்டிக்கு பி2 போதும். காசு வர்றதுக்கு முன்னாடி ஓட்டக் கொடுத்தா அவரோட பையோ கூட வந்தவரோ நம்மகிட்ட இருக்கட்டும். அடுத்தவங்க ஐசியை மட்டும் வாங்கி வச்சுக்காதீங்க, அது தப்பு.

நாலு: வீட்டுக்கு வரச் சொல்லல. பகல் நேரம், ஜேபிஜே வாசல்ல சந்திச்சோம். புது ஓனர் பேர்ல இன்சூரன்ஸ் எடுக்காம பேர் மாறாது, அதனால தம்பி முதல் நாளே எடுத்துட்டார். பேங்க் லிமிட்டையும் முன்கூட்டியே ஏத்தி வச்சிருந்தார்.

அஞ்சு: காசா, கைரேகையா, எது முதல்ல? இங்கதான் ரெண்டு பக்கமும் பயம் இருக்கும். பேப்பர் எல்லாம் சரியான்னு கேட்டுக்கிட்டு, நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். என் பக்கத்துல இருந்தே தம்பி காசை அனுப்பினார். என் செயலியில தொகை ஏறினதும் ரெண்டு பேரும் எழுந்து போய் கைரேகை வச்சோம். யாரும் யாரையும் நம்பி ஏமாற வேண்டிய நேரமே அதுல இல்ல.

ஆறு: விலை, தேதி, மணி, வண்டி நம்பர், இன்ஜின் நம்பர் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒன்னு வச்சுக்கிட்டோம். மைஜேபிஜே செயலியில என் பேர்ல அந்த வண்டி இல்லைன்னு பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். பழைய இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்லி மறுநாளே கேட்டேன். என்சிடி வண்டிக்குச் சொந்தம் இல்ல, நமக்குச் சொந்தம். அடுத்த வண்டிக்குக் கொண்டு போகலாம்.

இன்னொரு விஷயம். எல்லாம் முடிஞ்சதும் தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ஜொகூருக்குக் கிளம்பத் தயாரானார். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். ராத்திரி பூரா பஸ்ல தூங்காம வந்த பையன், மறுநாள் விடியறதுக்கு முன்னால வேலைக்குப் போகணும். பேர் மாறிடுச்சு, சம்மன் எனக்கு வராது. சட்டப்படி என் பொறுப்பு முடிஞ்சது. ஆனா நானும் பிள்ளை பெத்தவன். விலையில 200 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்து, மோட்டாரை லாரியில ஏத்திவிடச் சொன்னேன். மீதிக் கூலியை அவர் போட்டார். ஏத்துறதுக்கு முன்னால நாலு பக்கமும் படம் எடுத்துக்கிட்டோம். தம்பி பஸ்ல தூங்கிக்கிட்டே போனார். வண்டி புதன்கிழமை போய்ச் சேர்ந்தது, படம் அனுப்பினார்.

200 வெள்ளி நஷ்டம்னு வீட்டுல சொன்னாங்க. நான் அப்படி நினைக்கல.

நம்ம பெரியவங்க நிறைய பேர் வீட்டுல பேர் மாறாத மோட்டார் இன்னும் நிக்குது. வாங்கினவரும் வித்தவரும் நல்லா இருக்கும்போதே போய் மாத்திடுங்க. பாரம் நிரப்பத் தெரியலைன்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சமையல் கட்டுப் பக்கம் வாங்க. நான் அங்கதான் இருப்பேன், கூட உட்கார்ந்து எழுதித் தரேன்.

மோட்டார் விற்கப் போற யாராவது தெரிஞ்சா இதை அனுப்பி வையுங்க.