ஒண்ணா, ரெண்டா?

பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கு காப்பி-பேஸ்ட் பத்தி சொல்லவே வேணாம். ஒரே ஃபங்ஷனை நாலு இடத்துல ஒட்டி வச்சா அப்புறம் என்ன பாடுபடணும்னு தெரியும். செடிக்குள்ள மரபணுவை ஒட்டுறவங்களுக்கும் இதே தலைவலிதான்னு, தாவர பயோடெக் ஆராய்ச்சி பண்ற என் ரூம்மேட் சொன்னதுல இருந்து எனக்கு இது மேல ஒரு கண்ணு.

ஜீன் கன்-ல, தங்கத் துகள் மேல டி.என்.ஏ. பூசி செல்லுக்குள்ள சுடுவாங்க. அது எங்க ஒட்டும், எத்தனை பிரதி ஒட்டும்னு சுடுறவருக்கே தெரியாது. நிறைய ஒட்டினா நல்லதுதானேன்னு நினைக்காதீங்க. 1990-ல பெட்டூனியா பூவுக்கு நிறம் கூட்டலாம்னு நிறமி மரபணுவைக் கூடுதலா சேர்த்தாங்க. சில செடிகள்ல பூ வெள்ளையாவே பூத்துச்சு! புதுசா வந்தது, ஏற்கனவே இருந்ததையும் சேர்த்து வாயடைச்சிடுச்சு.

சரி, எப்படி எண்ணுறது? பழைய வழி சதர்ன் பிளாட். (திசை இல்லீங்க, 1975-ல இதை வெளியிட்ட எட்வின் சதர்னோட பேரு.) டி.என்.ஏ.வை நொதியால வெட்டி, ஜெல்லுல ஓடவிட்டு, சவ்வுக்கு மாத்தி, குறிப்பிட்ட மரபணுவுல மட்டும் ஒட்டுற அடையாளத் துண்டை விட்டா கோடு கோடா தெரியும். எத்தனை கோடோ, ஏறக்குறைய அத்தனை பிரதி. ரெண்டு துண்டும் ஒரே நீளமா இருந்தா ஒரே கோடாத் தெரிஞ்சு ஏமாத்திடும்.

அடுத்தது ரியல்-டைம் பி.சி.ஆர். ஒவ்வொரு சுற்றுலயும் டி.என்.ஏ. இரட்டிப்பாகும். ஒரே பிரதின்னு உறுதியாத் தெரிஞ்ச, செடியோட சொந்த மரபணுவோட ஒப்பிடணும். சோயாவுக்கு லெக்டின். 1-க்கும் 2-க்கும் வித்தியாசம் முழுசா ஒரு சுற்று. 4-க்கும் 5-க்கும் 0.32 சுற்றுதான்! கை லேசா நடுங்கினாலும் போச்சு. சாம்பிளை ஏறத்தாழ 20,000 துளியாப் பிரிச்சு, எதுல இருக்கு எதுல இல்லன்னு எண்ணுற டிஜிட்டல் பி.சி.ஆர். இங்கதான் கை கொடுக்குது. நமக்குப் பிடிச்ச 0, 1 கணக்கு :-)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மான்சான்டோவோட களைக்கொல்லி தாங்குற சோயா 40-3-2, 1996-ல அமெரிக்க வயலுக்கு வந்தப்போ ஒரே ஒரு செருகல்னுதான் கணக்கு. 2000-ல நுணுக்கமாப் பார்த்தா, முழுப் பிரதிக்குப் பக்கத்துல 250 எழுத்து நீளத்துல ஒரு துண்டு, வேற இடத்துல 72 எழுத்து நீளத்துல இன்னொண்ணு! ஆபத்து இல்லன்னு ஒழுங்குமுறை அமைப்புகள் சொல்லிட்டாங்க. நானும் பீதி கிளப்ப வரலை. ஆனா அந்த வருஷமெல்லாம் அந்தத் துண்டுங்க அங்கயேதான் இருந்துச்சு. வலைக்கண்ணு பெருசா இருந்ததால மீன் நழுவிடுச்சு.

அதனால 'ஒரே பிரதி'ன்னு எங்கயாவது படிச்சா, எந்த முறையில, எவ்வளவு சின்னத் துண்டு வரைக்கும் தேடினாங்கன்னு ஒரு கேள்வி கேட்டு வைங்க மக்கா. பூதம்னு அலறுறவங்களும் சரி, ஒண்ணுமே இல்லன்னு தலையாட்டுறவங்களும் சரி, இதை மட்டும் கேக்குறதே இல்ல.

வர்ட்டா?