காபூல் கோழித் தெரு

காபூல் நகரத்திலே 'கோழித் தெரு' என்று ஒரு கடை வீதி உண்டு. கோழி வாங்கலாமென்று போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அந்த வீதிக்குக் கீர்த்தி தேடித் தந்தவை கம்பளங்களும் பழம் பொருள்களுமே. 2001-ம் வருஷத்துக்குப் பின் ஆப்கானிஸ்தானத்தில் முகாமிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கே பழைய துப்பாக்கிகளைத் தேடி அலைந்தார்கள். முக்கியமாக, பிரிட்டிஷார் 1871-ல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியை. 1880-ல் மைவாந்த் போர்க்களத்தில் ஆப்கானியரிடம் தோற்றோடிய வெள்ளைக்காரப் பட்டாளம் ஏந்தியிருந்ததும் அதுதான்.

1898-ம் வருஷம் வரையில் செய்த துப்பாக்கி அமெரிக்கச் சட்டப்படி பழம் பொருள். ஆகவே, இரும்பிலே வெட்டியுள்ள வருஷத்தில்தான் வியாபாரமே அடங்கியிருந்தது. அந்த முத்திரையோ சில சமயம் வேடிக்கையானது! மேலே கிரீடம், அதன் கீழ் விக்டோரியா மகாராணியின் 'வி. ஆர்.' என்னும் எழுத்துக்கள். அதற்கும் கீழே, ராணி காலமான 1901-க்குப் பிந்திய ஒரு வருஷம். சிலவற்றில் 'என்ஃபீல்டு' என்னும் பெயரே பிழையாக இருக்கும். இங்கிலீஷ் 'என்' எழுத்து கண்ணாடியில் கண்டாற்போல் புரண்டு நிற்கும்.

இவை எல்லைப்புறத்துப் பட்டாணியக் கொல்லர்களின் கைவேலை. பெஷாவருக்குத் தெற்கேயுள்ள தர்ரா ஆதம் கேல் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். கையிலே அரம், கண்ணெதிரே ஓர் அசல் துப்பாக்கி, இவ்வளவுதான் மூலதனம். படிக்கத் தெரியாத எழுத்தையும் விடாமல் வெட்டிவிடுவார்கள். சாம்ராஜ்யத்தின் கிரீடத்தை அதனிடம் அனுமதி கேளாமலே குத்திக்கொண்ட அந்தத் துணிச்சலுக்காக, அசலைவிடப் போலியையே நாம் வாங்குவோம்.

வாங்கிச் சுவரிலே மாட்டலாம். தோட்டா போட்டுச் சுடுவது மட்டும் கூடாது. குழலின் இரும்பு எந்தத் தண்டவாளத்திலிருந்து வந்ததோ!