உடலா, வில்லையா?

நிழற்படக் கலையிற் சிறிது பழகியவர் எவரும் என்றாவது ஒருநாள் இக்கேள்விக்கு விடை கூறியே ஆகவேண்டும். கையிற் சேர்ந்த பணத்துக்குப் புதிய கமரா உடலொன்றை வாங்குவதா, அன்றிப் பழைய உடலுக்கே நல்ல வில்லையொன்றை வாங்குவதா? பட்டிமன்றத்துக்கு ஏற்ற பொருள்தான். ஆனால் இங்கே நடுவரே தம் பணப்பையைத் திறக்கவேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது இக்கேள்வி என்னையும் அடைந்தது. என்னிடம் இருப்பது 2013 இல் வெளிவந்த நிக்கொன் டி 5300. அதனோடு வந்த 18–55 மில்லிமீற்றர் வில்லையைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்கள் கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கும் இளைஞரோ, "சேர், உதை விட்டிட்டு மிரர்லெஸ் ஒண்டு எடுங்கோ" என்று காணுந்தோறும் கூறுவார். புதிய உடல்கள் மனிதரின் கண்ணைத் தாமே தேடிக் குவிப்பது உண்மையே. அவர் ஆசையில் தவறில்லை.

எனக்கு வேண்டியதோ ஒரேயொரு படம். என் தாயாருக்கு வயது எண்பத்துநான்கு. மாலையிற் சுவாமி அறையிற் குத்துவிளக்கின் முன்னிருந்து தேவாரம் ஓதும் வேளையில் அவர் முகத்தில் ஓர் அமைதி தோன்றும். பகலில் அதனைக் காணமுடியாது. பிளாஷ் ஒளியையோ அவர் பொறார். "உந்த வெளிச்சம் கண்ணைக் குத்துது, தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஈராண்டுகளுக்கு முன் பெரியம்மா காலமானபோது, அந்தியேட்டிக் கல்வெட்டிற் போடுதற்கு வீடெங்கும் படம் தேடினோம். இறுதியில் அடையாள அட்டைப் படத்தையே பெருப்பித்துப் போட நேர்ந்தது. அம்முகம் எங்கள் பெரியம்மாவின் முகமாகவே இல்லை.

ஆகவே கணக்குப் பார்த்தேன். என் பழைய வில்லை 55 மில்லிமீற்றரில் எவ் 5.6 அளவுக்கே திறக்கும். 50 மில்லிமீற்றர் எவ் 1.8 வில்லையோ அதனிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கொளியிற் செக்கனின் பத்திலொரு பங்கு நேரம் தேவைப்பட்ட படத்துக்கு நூறிலொரு பங்கு போதும். ஓதும் வாயின் அசைவும் என் கைநடுக்கமும் பெரிதும் அடங்கிவிடும். பெரிய உணரியுள்ள முழுச்சட்ட உடலை வாங்கினும், உணரியின் பரப்பினாற் கிடைப்பது இரண்டேகால் மடங்கு அளவே. மெகாபிக்செல் பற்றிய கவலையும் எனக்கில்லை: இப்போதுள்ள 24 மெகாபிக்செலே இருபது அங்குல அகலப் படத்தைத் தெளிவாக அச்சிடப் போதுமானது. எங்கள் சுவரில் அவ்வளவு இடமுமில்லை.

இது புதிய கதையன்று. 1839 இல் தாகர் தமது முறையை வெளியிட்ட காலத்தில், முகத்தைப் படமாக்க விரும்பியவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டிலேயே வியன்னாவின் கணிதப் பேராசிரியர் யோசெப் பெற்ஸ்வால் கணித்தமைத்த வில்லை பன்மடங்கு ஒளியைத் தந்து அத்தவத்தைக் குறைத்தது. பெட்டி அதே பெட்டிதான். கணித ஆசிரியரின் வெற்றி என்பதனால் இதனை மாணவருக்குச் சற்று மிகைப்பட்ட மகிழ்ச்சியுடனேயே கூறுவதுண்டு.

"உடல் அழியும், வில்லை நிலைக்கும்" என்று சிலர் வேதாந்தம் பேசுவர். அதனை நான் முழுவதும் ஏற்கேன். கனன் நிறுவனம் 1987 இல் வில்லை பொருத்தும் முறையை மாற்றியபோது பழைய வில்லைகள் புதிய உடல்களுக்கு ஒவ்வாமற் போயின. 2018 இல் நிக்கொனும் கனனும் மீண்டும் புதிய முறைகளைக் கொணர்ந்தன. இம்முறை இணைப்பி இருப்பது ஆறுதல். எங்கள் மாரிகால ஈரமோ வில்லைக்குள்ளே பூஞ்சணத்தை வளர்த்துவிடும். காற்றுப்புகாப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வில்லையின் விலையோடு சேர்த்தெண்ண வேண்டிய செலவுகள். மாணவர் இன்னொன்றும் கவனிக்க: என்னுடையது போன்ற சிறிய நிக்கொன் உடல்களிற் குவிக்கும் மோட்டார் இல்லை. பழைய "டி" வகை வில்லை மலிவென்று வாங்கினாற் கையாலேயே குவிக்க நேரிடும். 2011 இல் வந்த "ஜி" வகையையே நான் தேர்ந்தேன்.

எவ் 1.8 இற் கண் தெளிந்தாற் காது மங்கும், ஆதலால் 2.8 வரை சுருக்கிப் பழகிவருகிறேன். அதுவும் பழைய வில்லையினும் நான்கு மடங்கு ஒளி. மிஞ்சிய பணம் மகளின் உயர்தர வகுப்புக் கட்டணத்துக்குச் சென்றுவிட்டது.

வில்லை வந்த செய்தியை அம்மாவுக்குச் சொன்னேன். பிளாஷ் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை எடு, தம்பி. அந்த அரக்குச் சீலையை உடுக்கிறன்" என்றார்.