பொருந்துவதெல்லாம் பொருத்தமாகுமா?

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பர் பெரியோர். சொந்தமாக ஒரு கணிப்பொறியைப் பூட்டியபோதுதான் இம்மூதுரையின் ஆழம் எனக்கு விளங்கியது.

உப்பூர் உப்பளத்தில் என் பெற்றோர் வெயிலில் நின்று ஈட்டிய கூலியில் வாங்கிய பாகங்கள் அவை. ஒரு கம்பி இடம் மாறினால் அத்தனையும் கரியாகும். எனவே மின்சாரம் வழங்கும் பெட்டியின் கம்பிகளை முதலில் இனங்கண்டேன்.

மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்போ மின்னோட்டம் திரும்பும் வழி. 24 முனைச் செருகி மதர்போர்டுக்கு உரியது. சிக்கல் 8 முனைச் செருகிகளில்தான். பிராசசருக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்! கொக்கிப் பக்கம் மஞ்சள் கம்பிகள் இருந்தால் பிராசசருக்கு. கறுப்பு இருந்தால் கார்டுக்கு. மாற்றி அழுத்தினால் ஷார்ட் சர்க்கியூட்! கம்பிகள் அனைத்துமே கறுப்பாயின், செருகியில் பொறித்த எழுத்தே துணை. கழற்றி மாட்டும் கம்பிகளிலோ இன்னும் எச்சரிக்கை வேண்டும். வேறொரு நிறுவனத்தின் கம்பி பெட்டியில் அழகாகப் பொருந்தும். உள்ளே வோல்ட் வரிசை மாறியிருக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கேட்டறிய வீட்டில் எவருமில்லை. ஆய்வுக்கூடத்தில் கற்ற பொறுமையே கைகொடுத்தது. நண்பர்களே, ஆராய்ந்து இணைப்போம். உழைத்தவர் வியர்வையைக் காப்போம்!