விலையேறப்பெற்ற கையெழுத்து



சம்பா அறுவடை முடிந்த வயல்களில் நம் நன்னிலத்துப் பிள்ளைகள் மட்டையும் பந்துமாகக் கூடிவிடுகிறார்கள். தோனி கையெழுத்திட்ட மட்டை கிடைத்தால் என்ன செய்வாய் என்று அவர்களில் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். அதைக் கொண்டு விளையாடுவேன் என்று சொல்லமாட்டான். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பேன் என்பான். 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோனி ஆடிய மட்டை, அதே ஆண்டு லண்டனில் நடந்த அறக்கொடை ஏலத்தில் 1,00,000 பவுண்டுக்கு விலைபோயிற்று.

பழைய கிரிக்கெட் பொருள்களைச் சேகரிப்போர் மிகுந்த விழிப்புள்ளவர்கள். கடையில் வாங்கும் மட்டையின்மேல் காணப்படும் வீரரின் கையெழுத்து பெரும்பாலும் அச்சிடப்பட்டது என்பதை அவர்கள் அறிவார்கள். அணியினர் அனைவரும் ஒப்பமிட்டதாகச் சொல்லப்படும் தாள்களில் ஒருவருக்காக மற்றொருவர் எழுதியிருப்பதும் உண்டு. ஆகவே எழுத்தின் போக்கை ஒப்பிட்டு, அப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விசாரித்த பின்னரே வாங்குவார்கள். வெயிலில் மை மங்கும் என்று நிழலில் பாதுகாப்பார்கள்.

இந்தச் சேகரிப்பு உலகில் எல்லாரும் அறிந்த பொருள் ஒன்று லண்டன் லார்ட்ஸ் அரங்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆஷஸ் என்னும் சிறிய சாம்பல் கலசம் அது. ஒரு சாண் உயரமும் இல்லை. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள சில வரிச் செய்யுளில் ஸ்டட் சகோதரர்களின் பெயர் வருகிறது. அவர்களில் ஒருவர் சி. டி. ஸ்டட். 1882இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 7 ஓட்டங்களில் தோற்று, ஆஷஸ் கதைக்குத் தொடக்கமான போட்டியில், கடைசி விக்கெட் விழுந்தபோது ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மறுமுனையில் நின்றவர் அவர்.

புகழின் உச்சியில் இருந்த அந்த வாலிபர் 1885இல் மிஷனரியாகச் சீனாவுக்குக் கப்பலேறினார். தந்தையின் சொத்தில் அவருக்கு வந்த பங்கு ஏறத்தாழ 29,000 பவுண்டு என்பர். அதன் பெரும்பகுதியை ஊழியங்களுக்கும் ஏழைகளுக்கும் காசோலைகளாக எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு பங்கு இந்தியாவில் நடந்த இரட்சணிய சேனையின் ஊழியத்துக்கு வந்தது. எஞ்சியதை மணமகளிடம் ஒப்படைத்தபோது, அந்த அம்மையாரும் அதைக் கொடுத்துவிடச் சொன்னார். பின்பு 1900 முதல் 1906 வரை நம் உதகமண்டலத்தில் போதகராக இருந்தார். இறுதியில் காங்கோ சென்று, 1931இல் அங்கேயே மரித்தார்.

அன்பானவர்களே, ஸ்டட் ஒப்பமிட்ட பழைய தாள் ஒன்று இன்று கிடைத்தால் சேகரிப்போர் போட்டியிட்டு வாங்கக்கூடும். ஆனால் அவர் இட்ட கையெழுத்துகளில் அருமையானவை அந்தக் காசோலைகளில் இருந்தவையே. அவை எந்தப் பெட்டியிலும் தங்காமல் சோறாகவும் மருந்தாகவும் ஊழியமாகவும் மாறிப்போயின.

நம்மிடம் கையெழுத்துக் கேட்டு யாரும் வருவதில்லை. ஆயினும் நம் கையெழுத்துக்கு விலையுண்டு. சகோதரிக்குச் சேரவேண்டிய நிலத்தை மனமுவந்து அவளுக்கே விட்டுக்கொடுத்து, சார்பதிவாளர் முன் விடுதலைப் பத்திரத்தில் இடும் ஒப்பம் அத்தகையது. துணைக்கு ஆளில்லாத அயலானுக்காக மருத்துவமனைத் தாளில் நள்ளிரவில் இடும் ஒப்பமும், தகப்பனில்லாப் பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்காக எழுதும் காசோலையும் அத்தகையவே.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பத்திரங்களையும் வங்கிப் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சேர்த்துக்கொள்ள இட்ட கையெழுத்துகள் எத்தனை, கொடுத்துவிட இட்டவை எத்தனை? உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் அவற்றை எண்ணிப் பார்ப்பார்கள்.

கொடுக்கும் கைகளைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.