மாடியில் குழி தோண்ட முடியாது

அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களில் வீடு கண்ணில் படுவதற்கு முன்பே தறிச் சத்தம் காதில் விழுந்துவிடுகிறது. நான் போன வீட்டில் முன்கூடம் முழுவதையும் ஒரு குழித்தறி பிடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி அமுக்க, நாடா குறுக்கே ஓடியது. சுவரோரம் அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு எட்டு வைத்தால் அடுப்படி. பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் ஒரே சுவர்.

கீழே கடைக்கு விட்டுவிட்டு மேலே மாடி எடுத்துப் போய்விடலாமே என்று பலரும் அவரிடம் யோசனை சொல்கிறார்களாம்.

“மாடியில குழி எங்க தம்பி தோண்ட?” என்றார்.

தரைத்தளம் போனால் தறியும் போச்சு. அதற்காகத் தெருவில் மாடியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள், மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை 2 ஆக உயர்த்தின. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட உடனே அனுமதி கிடைக்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் மேலே ஓர் அறை எடுக்க நினைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

எனக்குப் பயம் வேறு. அமெரிக்காவில் பெர்க்லி நகரம் 1916-லேயே தனிவீட்டுப் பகுதி என்று எல்லை போட்டது. அடுக்குவீடும் தொழிலும் உள்ளே வரக்கூடாது. அந்த விதி நாடெங்கும் பரவியபோது, வாடகைக்காரர்களும் கறுப்பினத்தவரும் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மினியாபொலிஸ் நகரம் 2018-ல் அதைக் கைவிட முடிவெடுத்தது. குடியிருப்பு வேறு, தொழில் வேறு என்று பிரிக்கும் அந்தக் காவல் இந்தத் தெருவுக்கு வந்தால், முதலில் வெளியேறுவது தறிதான்.

ஊரைத் தாண்டித் திருச்சுழி சாலையில் போனால் கரிசல் புஞ்சையில் சீமைக்கருவேலத்துக்கு நடுவே மனைக்கற்கள் நிற்கின்றன. அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் நிறுத்தியது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. கற்கள் இருக்கின்றன, வீடுகளைத்தான் காணோம். தறியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடலாம் என்று சொல்வது சுலபம். ஆனால் பாவு ஓடுகிறவர், சாயம் போடுகிறவர், கூலி தரும் சங்கத்தார் எல்லாரும் ஊருக்குள் நடக்கிற தூரத்தில் இருக்கிறார்கள்.

எந்தப் பகுதி குடியிருப்பு, எது தொழில் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் வரைவு எப்போது வெளியானாலும், ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். நெசவாளர் சங்கங்கள் அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடக் கூடாது. வீட்டுத் தறியைக் குடியிருப்பின் பகுதியாகவே கணக்கில் எடுங்கள், தரைத்தளத்தில் தறி ஓடும் வீட்டுக்கு மேல்தளம் கட்ட வழிவிடுங்கள், பாவு நீட்டும் இடத்தை வரைபடத்தில் பொது இடமாகக் குறியுங்கள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.